ஏழு பேர் குடும்பத்துக்கு வண்டி: புதிதோ பழையதோ, பார்த்து வாங்கும் முறை

சேலத்திலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில், திண்டுக்கல் பைபாஸில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினோம். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கடைசி வரிசையில் இருந்த அத்தை மட்டும் இறங்கவில்லை. நடு சீட்டை மடக்கிவிட்டுக் கை கொடுத்தேன். ஒரு காலை வெளியே வைத்தவர், இன்னொரு காலை எடுக்க முடியாமல் கதவு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "ஒண்ணுமில்ல கண்ணு, காலு மரத்துப் போச்சு, அவ்வளவுதான்" என்றார். இரண்டரை மணி நேரம் முட்டி நெஞ்சை முட்டுகிற மாதிரி உட்கார்ந்து வந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வண்டியை வாங்கும்போது நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் டச் ஸ்கிரீனைத் தொட்டுப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் யாரும் உட்காரவில்லை. மூன்று வருஷத்தில் அதை விற்றுவிட்டு, ஆறு மாதம் அலைந்து, பழைய இன்னோவா கிரிஸ்டா ஒன்றை வாங்கினோம். அதற்கப்புறம் சொந்தக்காரர்கள், கூட வேலை செய்பவர்கள் என்று பலருக்கு வண்டி பார்க்கக் கூடப் போயிருக்கிறேன். வெளிநாட்டில் மினிவேன் என்பதை இங்கே ஷோரூமில் எம்.பி.வி. என்பார்கள். நாம் ஏழு சீட்டர் என்போம். அதை எந்த வரிசையில் யோசித்து, எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதல் படி: நாட்களை எண்ணுங்கள்

விலைப் பட்டியலைத் தொடுவதற்கு முன்னால் போன வருஷத்துக் காலண்டரை எடுங்கள். வீட்டில் உள்ள ஆறு, ஏழு பேரும் ஒரே வண்டியில் போன நாட்கள் எத்தனை? குலதெய்வம் கோயில், கல்யாணம், தீபாவளிக்கு ஊர் என்று பத்து நாளைத் தாண்டவில்லை என்றால், ஏழு சீட்டர் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. நல்ல ஐந்து சீட் கார் ஒன்றை வாங்கிவிட்டு, அந்தப் பத்து நாளைக்கு வாடகைக்கு இன்னோவா பேசிக்கொள்ளலாம். மீதி 355 நாளும் காலி சீட்டை இழுத்துக்கொண்டு ஓட்டுவதற்குப் பெட்ரோலும் பார்க்கிங் தொல்லையும் சேர்ந்துதான் செலவு.

மாதத்துக்கு மூன்று, நான்கு தடவை எல்லாரும் சேர்ந்து போகிறீர்கள் என்றால் வாங்கலாம். அப்போது அடுத்த கேள்வி: கடைசி வரிசையில் உட்காரப்போவது யார்? பத்து, பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்றால் மாருதி எர்டிகா அளவு வண்டி போதும். பெரியவர்கள், அதுவும் வெளியூர்ப் பயணத்தில் என்றால் இன்னோவா அளவுக்குத்தான் போக வேண்டும். பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை என்றால் சின்ன வண்டி புதிதாக வாங்குவதைவிடப் பெரிய வண்டி பழையதாக வாங்குவது நல்லது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

இரண்டாம் படி: வீட்டாரோடு போய் உட்காருங்கள்

ஷோரூமுக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாட்டி வர மாட்டேன் என்றாலும் விடாதீர்கள். முதலில் டிரைவர் சீட்டை உங்களுக்கு ஏற்றபடி வையுங்கள். அப்புறம் நடு வரிசையில் அப்பா உட்கார்ந்து, தனக்கு வேண்டிய அளவுக்கு சீட்டைத் தள்ளிக்கொள்ளட்டும். கடைசி வரிசைக்கு மிச்சமிருக்கும் இடம்தான் உண்மையான இடம். விற்பனையாளர் நடு சீட்டை முழுக்க முன்னால் தள்ளிவிட்டு "பின்னாடி எவ்வளவு இடம் பாருங்க சார்" என்று காட்டுவார். அதை நம்பி வந்துவிடக் கூடாது.

பின்னால் உட்கார்ந்தவரின் தொடையைப் பாருங்கள். தொடை சீட்டில் படிகிறதா, அந்தரத்தில் நிற்கிறதா? பின் அச்சும் பெட்ரோல் டேங்கும் கீழே இருப்பதால் அந்த இடத்தில் தரை மேலே ஏறிவரும், கூரையோ பின்னால் போகப் போகச் சரியும். அதனால் பல வண்டிகளில் கடைசி சீட் கிட்டத்தட்டத் தரையோடு ஒட்டித்தான் இருக்கும். முட்டி மேலே வருவது அதனால்தான். இரண்டு நிமிஷத்தில் இது தெரியாது. இருபது நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள், பேசிக்கொண்டிருங்கள். இறங்கும்போது முகத்தைப் பாருங்கள். வயசானவர்கள் வாயால் குறை சொல்ல மாட்டார்கள்.

ஏறி இறங்குவதையும் மூன்று தடவை செய்து பார்க்க வேண்டும். நடு சீட் ஒரே இழுப்பில் மடங்கி முன்னால் போகிறதா, அதைச் செய்ய எவ்வளவு பலம் வேண்டும், உள்ளே இருப்பவர் வெளி உதவி இல்லாமல் மடக்க முடியுமா? குழந்தை சீட் பொருத்துகிற வீடுகள் இன்னொன்றையும் கவனியுங்கள். நடு வரிசையில் குழந்தை சீட்டை மாட்டிவிட்டால் அந்தப் பக்கத்து சீட்டை மடக்க முடியாது, கடைசி வரிசைக்குப் போகிற வழி ஒரு பக்கம் அடைந்துவிடும். இரண்டு குழந்தை சீட் என்றால் இரண்டு பக்கமும் போச்சு. அப்படிப்பட்ட வீட்டுக்கு நடுவில் தனித்தனி இரண்டு கேப்டன் சீட் உள்ள ஆறு சீட் வண்டிதான் சரி. இரண்டுக்கும் இடையில் நுழைந்து பின்னால் போய்விடலாம். கியா கேரன்ஸ், மாருதி எக்ஸ்.எல்.6 மாதிரி வண்டிகளில் இந்த வசதி உண்டு.

ஏசியை மத்தியான வெயிலில் போட்டுப் பாருங்கள். கடைசி வரிசைக்கென்று தனிக் காற்று வழி இருக்கிறதா, நடு வரிசையின் கூரையிலிருந்து வருகிற காற்றுதான் பின்னால் போக வேண்டுமா என்று பார்க்க வேண்டும். சித்திரை மாதத்தில் நாமக்கல் தாண்டும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அப்புறம் டிக்கி. ஏழு பேரும் உட்கார்ந்திருக்கும்போது எர்டிகாவில் 209 லிட்டர் இடம், கேரன்ஸில் 216 லிட்டர், ரெனோ ட்ரைபரில் 84 லிட்டர்தான். லிட்டரில் சொன்னால் புரியாது. வீட்டிலிருந்து இரண்டு பெட்டியையும் ஒரு சாப்பாட்டுக் கூடையையும் எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பாருங்கள். எரிவாயுவில் ஓடும் எர்டிகா சி.என்.ஜி.யில் சிலிண்டர் டிக்கியில் இருப்பதால் அந்த இடமும் போய்விடும். மேலே கேரியர் போட வேண்டி வரும்.

மூன்றாம் படி: புதிது என்றால் எது?

ரெனோ ட்ரைபர் 2019-இல் வந்தது, ஒரகடம் ஆலையில் செய்கிறார்கள். நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஏழு சீட்டர். கடைசி சீட் இரண்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். அப்போது டிக்கி 625 லிட்டர். ஊருக்குள் ஐந்து பேர், எப்போதாவது இரண்டு பிள்ளைகள் என்றால் இதைவிடச் சிக்கனமான வண்டி இல்லை. ஆனால் 1 லிட்டர், மூன்று சிலிண்டர், 72 குதிரைத்திறன் எஞ்சின். ஏழு பேரோடு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏற்றினால் முதல் கியர், இரண்டாம் கியர் என்றே போக வேண்டும். அடிக்கடி மலை ஏறுகிறவர்கள் இதைத் தவிர்க்கலாம்.

மாருதி எர்டிகா 2012 முதல் ஓடுகிறது, இப்போதைய வடிவம் 2018 கடைசியில் வந்தது. மைலேஜ், எந்த ஊரிலும் சர்வீஸ், மறுவிற்பனை மூன்றிலும் இதை மிஞ்ச ஆள் இல்லை. இதே வண்டிதான் டொயோட்டா ரூமியன் என்ற பெயரிலும் வருகிறது, ஆகையால் இரண்டிலும் எது சீக்கிரம் டெலிவரி என்று கேட்டு வாங்கலாம். கேரன்ஸ் கொஞ்சம் நீளம், கடைசி வரிசை கொஞ்சம் வசதி, டீசலும் உண்டு.

இன்னோவா இரண்டு விதம். கிரிஸ்டா 2016-இல் வந்த டீசல் வண்டி; சேசிஸ் என்கிற இரும்புச் சட்டத்தின் மேல் உடல், பின் சக்கர இழுப்பு. பாரம் ஏற்றிக்கொண்டு கரடுமுரடான ரோட்டில் ஓட அதுதான். ஹைகிராஸ் 2022 கடைசியில் அறிமுகமானது. கார் போன்ற உடல், முன் சக்கர இழுப்பு, பெட்ரோலிலும், பெட்ரோலோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிடிலும் கிடைக்கும். ஊருக்குள் நின்று நின்று போகிற டிராஃபிக்கில் ஹைபிரிட் நன்றாக மிச்சப்படுத்தும். ஏறி இறங்கவும் கிரிஸ்டாவைவிடத் தாழ்வு, வயசானவர்களுக்கு எளிது. இரண்டுமே நாலே முக்கால் மீட்டர் நீளம். அபார்ட்மென்ட் தூண்களுக்கு நடுவே நிற்குமா என்று டேப் வைத்து அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பாதுகாப்புக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்பதோடு எந்த வருஷத்துச் சோதனை என்பதையும் பாருங்கள். மோதல் சோதனையில் ட்ரைபர் 2021-இல் 4 நட்சத்திரம் வாங்கியது. எந்த வண்டியானாலும் கேட்க வேண்டியவை: ஆறு ஏர்பேக், எல்லா சீட்டுக்கும் மூன்று முனை பெல்ட், எல்லாருக்கும் தலை சாய்க்கும் ஹெட்ரெஸ்ட். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த மாடலை நான் எடுக்க மாட்டேன்.

டீசலா பெட்ரோலா என்பதற்கு ஒரு வரி போதும். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல், அதிலும் பெரும்பாலும் ஹைவே என்றால் டீசல். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்தபிறகு டீசல் வண்டிகளில் கரிப்புகையைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டமே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும்.

நான்காம் படி: ஆன்ரோடு கணக்கு

ஷோரூம் விலையோடு வரியும் காப்பீடும் சேர்ந்ததுதான் ஆன்ரோடு விலை. ஷோரூம் விலையை மட்டும் பார்த்து மனக்கணக்குப் போட்டால் ஏமாறுவோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து கார்களுக்கு ஆயுள்கால சாலை வரி இப்படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. அந்தப் பத்து லட்சக் கோட்டைக் கவனியுங்கள். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. அதே வண்டியில் ஒரு படி மேல் மாடல் 10,30,000 என்றால் வரி 1,85,400. நாற்பதாயிரம்தானே கூட என்று அலாய் வீலுக்கு ஆசைப்பட்டால் கிட்டத்தட்ட ஒரு லட்சம் கூடும். 20 லட்சக் கோட்டிலும் இதே கதைதான்.

ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-இல் மாறியது. நான்கு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் வண்டிக்கு 18 சதவீதம், பெரிய வண்டிகளுக்கு 40. ட்ரைபர் முதல் வகை, எர்டிகா இரண்டாம் வகை. புதிய காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். மற்றபடி காப்பீட்டை டீலரிடமே எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியே விலை கேட்டுவிட்டு வந்து பேசுங்கள், குறைப்பார்கள்.

ஐந்தாம் படி: பழைய வண்டி

இங்கேதான் நிதானம் வேண்டும்.

முதலில் ஒதுக்க வேண்டியவை. செவர்லே டவேரா, என்ஜாய் நல்ல வண்டிகள்தான், ஆனால் கம்பெனி 2017-இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. நிசான் எவாலியா, ரெனோ லாட்ஜி, ஹோண்டா மொபிலியோ எல்லாம் சில வருஷமே ஓடி நின்றுபோனவை. விலை மலிவாக இருக்கும். ஒரு விளக்கு உடைந்தால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். உங்கள் ஊரில் அந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். மகிந்திரா மராசோ இவற்றில் கொஞ்சம் மேல். 2018-இல் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது, கடைசி வரிசையும் பரவாயில்லை.

பழைய இன்னோவாவில் பெரிய பயம் டி போர்டு, அதாவது டாக்ஸியாகப் பதிவான வண்டி. டாக்ஸியாக நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகப் பதிவுக்கு) மாற்றி, மீட்டரைக் குறைத்து, சீட் கவர் போட்டு விற்பது நடக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? நம்பர் பிளேட்டைச் சுற்றியும் கதவு இடுக்குகளிலும் பழைய பெயிண்ட், ஸ்டிக்கர் ஒட்டிய தடம் இருக்கிறதா பாருங்கள். 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் தடுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை டாக்ஸிகளில் பொருத்தியிருப்பார்கள். கழற்றியிருந்தாலும் வயர் வெட்டி ஒட்டிய இடம் தெரியும். மீட்டர் 90,000 காட்டுகிறது, ஆனால் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, டிரைவர் சீட்டின் வலது ஓரம் குழி விழுந்திருக்கிறது என்றால் மீட்டரை நம்பாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் உரிமையாளர் சம்மதத்தோடு கேட்டால் ஒவ்வொரு சர்வீஸிலும் எத்தனை கிலோமீட்டர் என்ற பட்டியல் கிடைக்கும். அது இல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மறுபடி சென்னையும், இரண்டே வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலியும். மூழ்கிய வண்டிகள் கழுவிக் காயவைத்து வேறு மாவட்டங்களுக்கு வரும். இப்படி ஒன்றை நான் பழைய கார் விற்கிற ஒரு கன்சல்டிங்கில் நேரில் பார்த்தேன். வெளியே பளபளவென்று இருந்தது. நடு சீட்டின் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். முதல் முழம் புதுசு மாதிரி கறுப்பு, அதற்குமேல் பழுப்பாகக் கோடு கோடாகச் சேறு படிந்த கறை. வழக்கமாகச் சுருண்டு உள்ளே இருக்கிற பகுதியை யாரும் கழுவுவதில்லை. டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினால் ஸ்டெப்னி குழியின் மூலையில் மெல்லிய வண்டல். சீட்டுக்கு அடியில் போல்ட்டெல்லாம் துரு. ஏசியைப் போட்டதும் ஈரச் சாக்கு வாசனை. விலையில் ஒன்றரை லட்சம் குறைக்கிறேன் என்றார் கடைக்காரர். சும்மா கொடுத்தாலும் வேண்டாம். தண்ணீர் பட்ட வயரும் கனெக்டரும் எப்போது காலை வாரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வண்டியை அதிகாலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பாருங்கள். முதலில் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஓடுகிற எஞ்சினில் ஆயில் மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் குபுகுபுவென்று புகை வெளியே தள்ளக் கூடாது. பானெட், கதவு கீல்களின் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் டிங்கரிங் (அடிபட்ட பாகத்தைக் கழற்றித் தட்டிச் சரிசெய்வது) நடந்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மீட்டர் 25,000 காட்டுகிற வண்டியில் நான்கு டயரும் மாற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

2005 முதல் 2016 வரை வந்த 2.5 டீசல் இன்னோவா என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். மாற்றாத பெல்ட் அறுந்தால் எஞ்சினே போய்விடும். கிரிஸ்டா 2.4-இல் பெல்ட் இல்லை, செயின்தான். இன்ஜெக்டர், டர்போ இரண்டும் விலை அதிகம். ஆகவே ஐநூறோ ஆயிரமோ கொடுத்து உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது நல்ல செலவு. சி.என்.ஜி. வண்டி என்றால் சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய பிரஷர் டெஸ்ட் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் படி: ஏழு பேரோடு ஓட்டிப் பாருங்கள்

டிரைவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டினால் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். ஏழு பேர் என்றால் நானூற்றைம்பது கிலோ. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலம், ஒரு பெரிய ஸ்பீட் பிரேக்கர், பத்து நிமிஷம் ஹைவே. பின்பக்கம் தரையில் தட்டுகிறதா, பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரம் போய் நிற்கிறது, கடைசி வரிசையில் இருப்பவருக்கு வயிற்றைப் பிரட்டுகிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் கூடுதலாக, தட்டையான ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது.

ஏழாம் படி: பேப்பர்

அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்: எத்தனையாவது ஓனர், ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருப்பதாகப் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள குறிப்பு) இருக்கிறதா, காப்பீடு, நிலுவை அபராதம். எங்கள் வண்டியை முன்பு வைத்திருந்தவர் கடனை முழுக்கக் கட்டி முடித்திருந்தார், ஆனால் ஆர்.சி.யில் ஹெச்.பி. கேன்சல் ஆகவில்லை. கடன் கொடுத்த நிறுவனத்திலிருந்து படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும் வாங்க ஏழு வாரம் ஆனது. நல்லவேளை, ஒரு லட்சத்தை நிறுத்தி வைத்திருந்தோம். நீங்களும் பெயர் மாறி ஆர்.சி. கைக்கு வரும்வரை ஒரு தொகையை நிறுத்தி, அதைப் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் (காப்பீட்டுப் பணம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) அவருடையது, உங்களுக்கு வராது. உங்கள் பழைய காரை விற்கும்போதும் பெயர் மாறியதா என்று விடாமல் பாருங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வெளி மாநில வண்டி மலிவாக வரும். பழைய டீசல் வண்டிகளுக்கு டெல்லியில் உள்ள கட்டுப்பாட்டால் அங்கிருந்து இன்னோவாக்கள் தெற்கே வருகின்றன. பாண்டிச்சேரி பி.ஒய். எண் வண்டிகளும் நிறைய. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே பதிவு மாற்றி, வரியும் கட்ட வேண்டும். அந்த வரியையும் அலைச்சலையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் லாபம் கரைந்துவிடும். நான் தமிழ்நாட்டு எண்ணையே தேடினேன்.

வண்டி வீட்டுக்கு வந்தபிறகு

டிரைவர் பக்கக் கதவுத் தூணில் டயர் காற்று அளவு ஒட்டியிருக்கும். ஆள் குறைவாக இருக்கும்போது ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று என்று இரண்டு அளவு. ஊருக்குக் கிளம்புகிற அன்று இரண்டாவது அளவுக்கு அடிக்க வேண்டும். ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள், ஜாக்கி இருக்கிறதா பாருங்கள். சீட்டில் சைடு ஏர்பேக் இருந்தால் கண்ட சீட் கவரையும் போட்டு மூடாதீர்கள். விபத்தில் அது விரிய வழியிருக்காது.

கிரிஸ்டாவுக்கு நாங்கள் முதலில் செய்த செலவு பக்கவாட்டுப் படிக்கட்டு. அந்த வண்டியின் தரை உயரம், படி இல்லாமல் அம்மாவால் ஏற முடியவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் கடைசி வரிசை. அத்தை நடு வரிசையில் இடது ஜன்னலோரம். போன மாதம் மறுபடி திருச்செந்தூர் போனோம், அதே திண்டுக்கல் டீக்கடையில் நிறுத்தினோம். முதலில் இறங்கியவர் அத்தைதான்.